இடது பக்கம் விட்ட இடம்

இந்த வண்டியை வரைந்தவர்கள் சேலை கட்டிய ஒரு பொம்பளையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்று சுடர்க்கொடி தன் முதல் அறிக்கையில் எழுதினாள். கொசுவம் சங்கிலிக்குள் போகிறது. மடக்கும் கீலில் வளையல் மாட்டுகிறது. மடக்கிய வண்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் படியேற வேண்டுமென்றால் இரண்டு முழங்காலும் நன்றாக இருக்க வேண்டும், முழங்கால் நன்றாக இருப்பவளுக்கு மின்சார சைக்கிள் எதற்கு. கொஞ்சம் நாசூக்காக எழுதியிருக்கலாம் என்று மேலே இருந்தவர்கள் சொல்லி அனுப்பினார்கள். நாசூக்கு தெரிந்த ஆளை வேலைக்கு எடுத்திருக்கலாம் என்று அவள் பதில் அனுப்பினாள்.

அவளை வேலையை விட்டுத் தூக்கவில்லை. அவள் திட்டிய இடமெல்லாம் நிஜமாகவே ஓட்டையாக இருந்ததுதான் காரணம்.

கோயமுத்தூரில் மூடிப்போன ஒரு நூல் மில்லுக்குள் அந்தக் கம்பெனி இருந்தது. மடக்கி எடுத்துக்கொண்டு போகிற சைக்கிள், பெயர் சிட்டு. ஆளுக்கும் வண்டிக்கும் பொருத்தம் பார்ப்பது சுடர்க்கொடியின் வேலை. உட்காரும் உயரம், கை நீளம், திரும்பும்போது தோள் எவ்வளவு வலிக்கிறது என்பதெல்லாம் அவள் கணக்கு. பொருத்தம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்தில் எல்லோரும் அவளை ஜோசியரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். "பத்துக்கு எத்தனை பொருந்துதுங்க ஜோசியரம்மா?" என்று டீ வாங்கப் போகும்போது யாராவது கேட்பார்கள். "உங்களுக்கு எந்தக் காலத்துலயும் ஒண்ணும் பொருந்தாதுங்க" என்பாள்.

அவள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் அவள். செங்கல் சூளையில் பிறந்தவள். இதை அவள் மறைக்கவும் இல்லை, சொல்லிக் காட்டவும் இல்லை. யாராவது இரக்கப்பட்டால் மட்டும் கடித்துவிடுவாள்.

சிட்டுவுக்குப் புதுச் சட்டகம் வந்த அன்றைக்கு அவள் திட்டவில்லை.

தலைமை வடிவமைப்பாளர் கீர்த்திவாசன் அதை ஒரு சூட்கேஸ் அளவுக்கு மடக்கித் தரையில் வைத்தார். உள்ளங்கையை அதன் மேல் வைத்து எடுத்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது மெல்ல அசைந்தது. பின்சக்கரம் தரையை ஊன்றியது. நடுச்சட்டம் நடுங்கி நிமிர்ந்தது. முன்பக்கம் தள்ளாடி எழுந்தது. அப்போதுதான் பிறந்த கன்று முதல் தடவை எழுந்து நிற்பதை சுடர்க்கொடி பார்த்திருக்கிறாள். அதில் ஒரு அவசரமும் ஒரு சந்தேகமும் இருக்கும். அதேதான் இதிலும் இருந்தது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டியது கோயிலுக்குள் செருப்புச் சத்தம் கேட்டதுபோல் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"இதுல திருகாணியே இல்லீங்களா சார்?"

"ஒண்ணுகூடக் கெடையாது" என்றார் கீர்த்திவாசன். ஐம்பதை நெருங்குகிறவர், மெதுவாகப் பேசுகிறவர். "சீட்டை ஏத்தி எறக்கற வேலையே இல்ல. ஆள் உட்கார்ந்து நாலு சுத்து சுத்தட்டும். உடம்பு எங்க அழுத்துது, எங்க ஒதுங்குதுன்னு வண்டி படிச்சுக்கும். அப்பறம் அதுவே வளைஞ்சு குடுக்கும்."

"படிச்சுக்கும்னா? எடையை மட்டுமா?"

"எலும்பையே. மரத்தை அறுத்தா வளையம் தெரியுதில்ல, எந்த வருஷம் மழை, எந்த வருஷம் காய்ச்சல்னு. எலும்பும் அப்படித்தான். எந்தப் பக்கம் பாரம் விழுந்துச்சோ அந்தப் பக்கம் தடிச்சிருக்கும். இந்தச் சட்டகம் அதைத் தொட்டுப் பாத்து, இந்த உடம்பு எப்படி வாழ்ந்து இப்படி ஆச்சுன்னு ஒரு கணக்குப் போடும். அந்தக் கணக்குக்குத் தகுந்த மாதிரி வண்டி ஆகும்."

சுடர்க்கொடி சட்டகத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"சோதனைக்கு யாரைக் கூட்டிட்டு வரப் போறீங்க?"

"நம்ம ஆளுகதான். பக்கத்து ஐ.டி. பார்க்ல இருந்து கொஞ்சம் பேர்."

"நாற்காலியில உக்காந்த எலும்பையே பாத்துட்டு ஊருக்கெல்லாம் வண்டி விக்கப் போறீங்க."

"சரி, நீங்க ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார் அவர். அவருக்குக் கோபம் வராது. அதுவே சில நாள் அவளுக்குக் கோபம் வரக் காரணமாக இருந்தது.

அவள் கூட்டிக்கொண்டு வந்தது தன் அம்மாவை.

வெள்ளையம்மாவுக்கு அதில் சொந்தக் காரணம் இருந்தது. சூளை வேலை முடிந்துபோய், பைபாஸுக்கு அந்தப்பக்கம் ஒரு இட்லி மாவுக் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். அந்த வழியாகப் போன மினி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். முழங்கால் நடக்க விடவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு, நான் சம்பாதிக்கிறேன் என்று மகள் சொன்னபோது, "உன்ற சோத்தைத் தின்னுட்டு உத்தரத்தைப் பாத்துட்டுப் படுத்திருக்கச் சொல்றியா" என்று கேட்டுவிட்டாள். சோதனையில் வண்டி யாருக்குப் பொருந்துகிறதோ அது அவர்களுக்கே. சூளை மேஸ்திரியின் சைக்கிளை எடுத்து ஓட்டிப் பழகியவள் வெள்ளையம்மா. அதனால் ஒரு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

பழைய நூற்புக் கூடத்தைத்தான் ஓட்டிப் பார்க்கும் தளமாக ஆக்கியிருந்தார்கள். வெள்ளையம்மா ஏறி உட்கார்ந்தாள். முதல் சுற்றில் வண்டி தடுமாறியது. இரண்டாவது சுற்றில் யோசித்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நடுச்சட்டம் இடதுபக்கமாக வளைய ஆரம்பித்தது. வளைந்து, வெளியே போய், திரும்பி உள்ளே வந்தது. இருக்கைக்கு இடதுபக்கம், சரியாக இடுப்புக்குப் பக்கத்தில், ஒரு பள்ளம் உண்டானது. கையகலத்தைவிடப் பெரிது. விளிம்பு உருண்டு வழவழவென்று இருந்தது. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக அதிலிருந்து இரண்டு தடங்கள் கீழே இறங்கின.

வண்டியின் தடுமாற்றம் நின்றது. வெள்ளையம்மா நூல் பிடித்தது போல நேராக ஓட்டினாள். முழங்கால் வலிக்கிறவள் போலவே இல்லை. கூடத்தின் மேல் சன்னல்களிலிருந்து விழுந்த வெயிலுக்குள் போய்ப் போய் வெளியே வந்தாள். தன் அம்மா இவ்வளவு லேசாக எதையும் செய்து சுடர்க்கொடி பார்த்ததில்லை. 

"என்ன கண்ணு, நான் ஒருபக்கமாச் சாஞ்சவன்னு வண்டியும் கோணிக்கிச்சா?" என்று கேட்டபடி வெள்ளையம்மா வந்து இறங்கினாள்.

கீர்த்திவாசன் குனிந்து அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படிப் பண்ணச் சொல்லி நாங்க எதுவும் எழுதலை" என்றார், தனக்குள் பேசுவது போல. "அம்மா உடம்பு இடதுபக்கம் ஒரு பாரம் இருந்தாத்தான் நேரா நிக்கும். அதை வண்டி கண்டுபிடிச்சிருக்கு. பாரம் இப்ப இல்ல. இருந்தும் அதுக்கு இடம் விட்டிருக்கு."

"குடம் சார்" என்றாள் சுடர்க்கொடி. "எங்க சூளைக்குத் தண்ணி ரெண்டு மைல் தள்ளி. இடுப்புல வெச்சுத்தான் வரோணும்."

 அம்மா முப்பது வருடம் தண்ணீர் சுமந்ததை எந்த மனுஷனும் இதுவரை கேட்டதில்லை. ஒரு இரும்பு கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டு, வை, நான் தாங்குகிறேன் என்று இடுப்பைக் கொடுத்திருக்கிறது.

ஆனால் கம்பெனிக்கு ஒரு விதி இருந்தது. காப்பீட்டுக்காரர்கள் போட்ட விதி. சட்டகம் தானாகச் செய்த மாற்றத்துக்குக் காரணம் தெரிய வேண்டும். தெரிந்தால் பொருத்தம், தெரியாவிட்டால் பழுது. பழுது என்றால் சூடாக்கி நேராக்கி, இனி வளையாதபடி பூட்டிவிடுவார்கள். பூட்டிய வண்டி ஒன்றில் வெள்ளையம்மாவை ஏற்றிப் பார்த்தார்கள். பத்தடி போவதற்குள் வலதுபக்கமாகச் சாய்ந்து காலை ஊன்றிக்கொண்டாள். "இது ஆகாது சாமி" என்று இறங்கிவிட்டாள்.

"குடம்னு நிரூபிச்சாப் போச்சு" என்று சுடர்க்கொடி கேன்டீனுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் குடத்தை நிறைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பள்ளத்தில் வைத்தாள். குடம் ஆடியது. திருப்பி வைத்தாள். முன்பக்கம் சரிந்து அவள் சுடிதாரெல்லாம் தண்ணீர். வெள்ளையம்மா சிரித்தாள். மகள் நாலாவது தடவை முயன்றபோது சிரிப்பை நிறுத்தி, "விடு கண்ணு, வெளிய காத்தாட நிக்கறேன்" என்று வாசல் பக்கம் போய்விட்டாள்.

கீர்த்திவாசன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். வண்டி போட்ட கணக்கு அதில் கோடுகளாக ஓடியது.

"சுடர், குடம்னா கோடு எப்படி இருக்கணும்?"

"ஒரே மட்டமா. நிறைகுடம் எப்பவும் ஒரே கனம்தானே."

"அந்தக் கோடும் இருக்கு. பாருங்க, இது. மெல்லிசா, முப்பது வருஷத்துக்கும் ஓடுது. ஆனா அதுக்காக வண்டி பள்ளம் போடலை. பள்ளம் போட்டது இதுக்காக." அவர் விரல் இன்னொரு கோட்டைத் தொட்டது. "இந்தப் பாரம் லேசா ஆரம்பிக்குது. கொஞ்சங் கொஞ்சமா ஏறுது. ஏறிட்டே போகுது. ஆறு வருஷம், ஏழு வருஷம். அப்பறம் இறங்கிடுது. இது வளர்ந்திருக்கு சுடர்."

அவள் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தாள். முன்னால் ஒரு தடம், பின்னால் ஒரு தடம். குடத்துக்குக் கால் கிடையாது.

"அது நான்தான் சார்."

அவள் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். அதுவரை அம்மா அவளைக் கீழே விட்டதில்லை. செங்கல் அறுக்கும்போதும் இடுப்பில், அடுக்கும்போதும் இடுப்பில். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவுக்கு இடுப்புக்காரி என்று பேர் வைத்தார்கள். வகுப்பிலேயே பெரியவளாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த வருடங்களுக்காக அவள் அம்மாவின் மேல் இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். அந்தக் கோபத்தில்தான் படித்தாள் என்றுகூடச் சொல்லலாம். இப்போது அந்தக் கோபம் ஒரு பளபளப்பான வளைவாக அவள் முன்னால் நின்றது. தன் உடம்பின் அச்சு அம்மாவின் எலும்பில் இருந்திருக்கிறது, அவள் ஹாஸ்டலில் இருந்த வருடங்களிலும். தொட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கீர்த்திவாசன் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அண்ணன் அக்கா யாராவது?"

"நான் ஒரே பொண்ணுங்க சார்."

 அவர் விரலைக் கோட்டின் பின்பக்கத்துக்கு, அவள் பிறப்பதற்கு முந்தைய வருடங்களுக்கு நகர்த்தினார். அங்கேயும் ஒரு பாரம் லேசாக ஆரம்பித்து ஏறியது. இரண்டு வருடம் ஏறியது. அவளுடையது இறங்கியதைப் போல அது இறங்கவில்லை. ஒரே வெட்டாக நின்றது.

வெள்ளையம்மா வாசலில் வேப்பமரத்தடியில் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள்.

"வண்டி குடுக்கறாங்களா?"

"ஏம்மா, எனக்கு முன்னாடி யாரு?"

வெள்ளையம்மா விசிறுவதை நிறுத்தினாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை. மகளுக்குப் பின்னால் கூடத்துக்குள் நின்ற வண்டியைப் பார்த்தாள்.

"அதா சொல்லுச்சு?"

"ம்."

"உன்ற அப்பாகூட அந்தப் பேச்சை எடுத்ததில்ல. சாகற வரைக்கும் எடுக்கல." முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள், "பையன். இமயன்னு பேர் வெச்சோம். நடக்கப் பழகுன புதுசு. இடுப்புல நிக்கவே மாட்டான், இறக்கி விடு இறக்கி விடுன்னு ஒதைப்பான். அன்னிக்கு நெம்ப வெயிலு. சித்த நேரம் நெழல்ல இருக்கட்டும்னு இறக்கி விட்டேன். நெழலுன்னா என்ன, லோடு லாரி நெழலுதான். லாரியை எடுத்தவன் கீழ பாக்கல."

மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். 

"அப்பறம் நீ வந்தே. உன்னை எப்படி இறக்குவேன், சொல்லு."

  சுடர்க்கொடி அம்மாவின் இடது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி வேணும்னா காரணம் எழுதோணும்மா. என்ன பாரம்னு."

"எழுதினா யாரு பாப்பாங்க?"

"எல்லாரும். செய்யறவங்க, விக்கறவங்க, காப்பீட்டு ஆளுக. அது மட்டுமில்ல, ஒருத்தருக்கு எழுதிட்டா வண்டி அதைய கத்துக்கும். அடுத்து உன்ற மாதிரி ஒரு அம்மா ஏறினா, இது இன்ன பாரம்னு அதுவே சொல்லிரும்."

"அவ வீட்டுக்காரங்க முன்னாடி வெச்சா?"

"யார் முன்னாடி வேணும்னாலும்."

வெள்ளையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அப்ப வண்டி வேண்டாம். நான் நடந்தே போய்க்கறேன். வா போலாம்." சொல்லிவிட்டு நிஜமாகவே நடந்தாள். வலது முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் வெளியே விலகியது. கேட் வரைக்கும் போவதற்குள் இரண்டு தடவை நின்றாள்.

சுடர்க்கொடி உள்ளே திரும்பி வந்தாள். அவள் பார்த்த வேலையில் பொய் எழுதியதே இல்லை. உண்மையை முகத்தில் அடிக்கிற மாதிரி எழுதுவதுதான் அவளுக்கு இங்கே கிடைத்திருந்த ஒரே மரியாதை. திரையில் காரணம் கேட்டுக் கட்டம் ஒன்று காத்திருந்தது. அவள் உட்கார்ந்து ஒரே ஒரு சொல்லை அடித்தாள். கையெழுத்துக்காக கீர்த்திவாசனின் பக்கம் திருப்பினாள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

"குடம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க சார்."

"குடம் வளருமா சுடர்?"

"எங்க சூளையில வளரும் சார்."

கூடத்தின் மேலே புறா ஒன்று இறக்கையை அடித்துக்கொண்டு இடம் மாறியது. அவர் கோட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். குரல் இன்னும் இறங்கியிருந்தது. அவர் கேட்டது அவளை மடக்குவதற்காக இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இந்தக் கேள்வியைப் பிற்பாடு யாராவது கேட்பார்கள், அதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும்.

"இது? இது ஏன் பாதியில நிக்குது?"

"உடைஞ்சு போச்சுங்க சார்."

கீர்த்திவாசன் தலை குனிந்துகொண்டார்.  பிறகு கையெழுத்துப் போட்டார். பொருத்தம் என்று திரை பச்சையாக எழுதியது.

சுடர்க்கொடி வண்டியை மடக்கவில்லை. அப்படியே தள்ளிக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினாள். அம்மாவிடம் என்ன எழுதினாள் என்று சொன்னாள். வெள்ளையம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். அந்தப் பள்ளத்தில் கையை வைத்தாள். முன் தடத்தில் ஒரு தடவை, பின் தடத்தில் ஒரு தடவை விரலை ஓட்டினாள். "அளவு கொஞ்சமும் தப்பலை" என்றாள். அப்புறம் ஏறிப் போனாள். சாலையில் மற்ற வண்டிகளுக்கு நடுவே அவள் இடது முழங்கை மட்டும் சற்று விலகி, எதையோ அணைத்தபடி போனது.

சிட்டு வெளியே வந்து ஊரெல்லாம் ஓட ஆரம்பித்தது. கல் சுமந்தவர்கள், சித்தாள் வேலைக்குப் போனவர்கள், பஞ்சாலையில் கால் கடுக்க நின்றவர்கள் எல்லோரும் வந்து ஏறினார்கள். நிறையப் பேருக்கு இடதுபக்கம் பள்ளம் விழுந்தது. சிலருக்குக் கோடு சீராக ஏறி இறங்கியது. சிலருக்கு ஒரே வெட்டாக நின்றது. ஒவ்வொரு தடவையும் சுடர்க்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள். கேள்வி வரவே இல்லை. அவள் சொல்லிக்கொடுத்ததை அது அப்படியே நம்பியிருந்தது. குடங்கள் வளரும், சில குடங்கள் உடையும். ஒருத்தியையும் அது என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. குடம் என்று தானே எழுதிக்கொண்டு, இடுப்புக்குப் பக்கத்தில் இடம் விட்டுக்கொண்டு, அடுத்தவளுக்காக எழுந்து நின்றது.